சோலார் போட்டும் வெந்நீர் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கீசரைக் கழற்றிவிட்டு சோலார் வாட்டர் ஹீட்டரோ, காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்போ போட்ட பிறகு, "இதுக்குப் பழைய கீசரே தேவலாம்" என்று புலம்பும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் பலவற்றில் மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு குழாயில் இருக்கும், மிக்சரில் இருக்கும், இல்லையென்றால் கீசர் காலத்துப் பழக்கத்தில் இருக்கும். சர்வீஸ் ஆள் வந்து மொட்டைமாடியில் பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு "தண்ணி கொதிக்குதே சார்" என்று போய்விடுவார். பிளம்பரைக் கூப்பிட்டால் "சோலார்லதான் ஃபால்ட்" என்பார். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலையாமல், சூடு எந்த இடத்தில் தொலைகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

கோவை, திருப்பூர் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னைக்கும் மதுரைக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். ஊட்டி, கொடைக்கானலுக்கு மட்டும் ஹீட் பம்ப் பகுதியில் தனியாகக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்

நல்ல வெயில் அடித்த நாளில் மாலை நான்கு, ஐந்து மணிக்கு ஒருவர் மொட்டைமாடிக்குப் போகட்டும், இன்னொருவர் கீழே வெந்நீர்க் குழாயைத் திறந்து விடட்டும். மேலே இருப்பவர் சோலார் டேங்கிலிருந்து வெந்நீர் வெளியேறும் பைப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓரிரு நொடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை என்றால் டேங்கில் நல்ல சூடு இருக்கிறது. தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கீழே இரண்டு, மூன்று வாளி போன பிறகு வருகிற தண்ணீரையும் அளந்துகொள்ளுங்கள். மறுநாள் விடியும் முன், யாரும் குளிப்பதற்குள், இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.

மேலே சூடு, கீழே இல்லை என்றால் குழாய் வழியில் பிரச்சினை. மாலையில் சூடு, காலையில் இல்லை என்றால் ராத்திரி எங்கோ ஓடிப்போகிறது. மேலேயே சூடு இல்லை என்றால்தான் சோலாரைச் சந்தேகப்பட வேண்டும். கீழே உள்ளதில் உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

மேலே கொதிக்கிறது, பாத்ரூமில் வெதுவெதுப்புதான்

அதிகம் பேரை ஏமாற்றும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெந்நீர் லைனுக்குள் எங்கோ பச்சைத்தண்ணீர் புகுந்துவிடுகிறது. வீட்டில் குளிர்நீர் லைனும் வெந்நீர் லைனும் சந்திக்கும் இடம் மிக்சர், தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் டைவர்டர், கை ஷவர் ஆகியவைதான். இரண்டு திருகு உள்ள மிக்சரில் இரண்டையும் திறந்துவைத்துவிட்டு, கை ஷவரின் நுனியில் இருக்கும் பொத்தானை மட்டும் விட்டுத் தண்ணீரை நிறுத்துகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. வெளியே தண்ணீர் வராது. ஆனால் உள்ளே இரண்டு லைனும் ஒன்றோடொன்று திறந்தே கிடக்கும். எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அந்தத் தண்ணீர் மறுபக்கம் ஏறும். குளிர்நீர் மேல் டேங்கிலிருந்து நேராக இறங்குகிறது. வெந்நீரோ சோலார் டேங்கைச் சுற்றி, கூடுதல் வளைவுகளைத் தாண்டி வருகிறது. குளிர்நீர்தான் ஜெயிக்கும். குளிர்நீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் போட்ட வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம், பச்சைத்தண்ணீர் சோலார் டேங்க் வரைக்குமே ஏறிப்போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். மொட்டைமாடியில் சோலார் டேங்குக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். வெளியேறும் பைப்பிலும் வால்வு இருந்தால் அதையும் மூடுங்கள். கீழே வந்து, வெந்நீர் மட்டும் வரும் ஒரு குழாயைத் திறந்து விடுங்கள். பைப்பில் தங்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் வந்து மெலிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்து வந்தால், அதுவும் பச்சையாக வந்தால், அது சோலார் வழியாக வரவில்லை, மிக்சர் வழியாக வருகிறது.

எந்த மிக்சர்? குழாயை அப்படியே ஓட விட்டு, ஒவ்வொரு பாத்ரூமாகப் போய் மிக்சருக்கு வரும் ஆங்கிள் காக்கை (சுவரோரத்துக் குட்டி வால்வு) மூடுங்கள். எதை மூடும்போது தண்ணீர் நிற்கிறதோ அதுதான் ஆள். சுவருக்குள் புதைத்த டைவர்டருக்கு ஆங்கிள் காக் இருக்காது, அந்த பாத்ரூமுக்கான மெயின் வால்வைத்தான் மூட வேண்டும். ஒற்றைக் கைப்பிடி மிக்சராக இருந்தால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருக்கும், மாற்றினால் சரி. மற்றபடி அந்த மிக்சருக்குள் நுழையும் வெந்நீர், குளிர்நீர் இரண்டு லைனிலும் ஒவ்வொரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால் தொல்லை தீரும். தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் இந்த வால்வு மலிவான பொருள். சுவரை உடைக்காமல் போட இடம் இருக்கிறதா என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும்.

பழைய கீசரை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்த வீடுகளில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். கீசருக்கு சோலார் தண்ணீர் வருவதற்கு ஒரு வால்வு, பச்சைத்தண்ணீர் வருவதற்கு ஒரு வால்வு, இரண்டையும் சுற்றிப்போக ஒரு பைபாஸ் வால்வு என்று மூன்று இருக்கும். எது எதற்கு என்று பிளம்பருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒன்று அரைகுறையாகத் திறந்திருந்தால் மேலே சொன்ன அதே வியாதி. ஒவ்வொரு வால்விலும் பெயின்ட்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாளி பச்சையாகப் போன பிறகுதான் சூடு வருகிறது

இது பழுது இல்லை, கணக்கு. முக்கால் அங்குல பைப்பில் ஒரு மீட்டருக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மொட்டைமாடியிலிருந்து தரைத்தளத்து பாத்ரூம் வரை வளைந்து நெளிந்து 30 மீட்டர் பைப் என்றால் ஏழெட்டு லிட்டர் ஆறிய தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு மேல் குளிர்ந்த பைப்பும் கொஞ்சம் சூட்டைத் தின்னும். ஒரு அங்குல பைப் போட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "பெரிய பைப்பா போட்டா நல்லா வரும்" என்று பிளம்பர் சொல்வது வேகத்துக்குச் சரி, காத்திருக்கும் நேரத்துக்குத் தப்பு.

கறுப்பு நைட்ரில் ஃபோம் உறை போட்டால் அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்குப் பயன் உண்டு. ஆனால் ராத்திரி முழுக்க பைப்பில் நிற்கும் தண்ணீர் உறை போட்டாலும் ஆறத்தான் ஆறும். வெயில் படுகிற இடத்தில் உறையின் மேல் துணி டேப்போ அலுமினியத் தாளோ சுற்றாவிட்டால் ஓரிரு வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சமையலறையில் பாத்திரம் கழுவ இரண்டு லிட்டர் வெந்நீருக்காகத் தினமும் எட்டு லிட்டரைக் கொட்டுவதை விட, அங்கே 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். சோலார் வைத்துக்கொண்டு கீசரா என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாலையில் சூடு, விடிந்தால் ஆறிப்போகிறது

நல்ல டேங்க் ஒரு ராத்திரியில் கொஞ்சம்தான் சூட்டை இழக்கும். சாயங்காலம் 60 டிகிரி இருந்தது காலையில் 50-க்கு மேலாவது நிற்க வேண்டும். 40-க்கு வந்துவிட்டது என்றால் ஏதோ வழி திறந்திருக்கிறது.

முதல் தடயம் குளிர்நீர்க் குழாயில் கிடைக்கும். காலையில் வாஷ்பேசினில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறதா? அப்படியென்றால் சோலார் டேங்குக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் நான்-ரிட்டர்ன் வால்வே இல்லை, அல்லது இருப்பது மண் சிக்கித் திறந்தே நிற்கிறது. வெந்நீர் எடை குறைந்தது, வழி கிடைத்தால் மேலே இருக்கும் குளிர்நீர் டேங்கை நோக்கி மெல்ல ஏறிவிடும். வால்வைக் கழற்றிக் கழுவிப் போட்டாலே பல வீடுகளில் சரியாகிவிடும். போடும்போது அதன் மேல் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். தலைகீழாகப் போட்டால் தண்ணீரே வராது, அது வேறு பஞ்சாயத்து.

குளிர்நீர் சரியாக இருந்தால் அடுத்த சோதனை. ராத்திரி படுக்கும் முன் டேங்குக்கு உள்ளே போகும் வால்வையும் வெளியே வரும் வால்வையும் மூடிவிடுங்கள். வெயில் ஏறும் முன் இரண்டையும் திறக்க மறக்காதீர்கள். மூடிய ராத்திரியில் சூடு குறையாமல் இருந்தது என்றால் ஒழுகும் குழாயோ, மேலே சொன்ன மிக்சர் கலப்போதான் காரணம். மூடியும் ஆறிப்போனால் டேங்கின் உறைக்கும் உள் தொட்டிக்கும் நடுவில் சூட்டைக் காக்கும் பஃப் ஃபோமில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். டேங்கின் அடியில் துருக்கறையோ சொட்டலோ தெரிகிறதா பாருங்கள். உள் தொட்டி ஓட்டையாகியிருந்தால் அதை ஒட்டிச் சரிசெய்கிறேன் என்று வருபவரை நம்ப வேண்டாம், வாரன்ட்டி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கண்ணாடிக் குழாய்களுக்குப் பதிலாகத் தட்டையான பலகை போல் இருக்கும் தட்டை கலெக்டர் வகையில் இன்னொரு காரணமும் உண்டு. டேங்கின் அடிமட்டம் கலெக்டரின் மேல் விளிம்பை விட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியில் சுழற்சி எதிர்ப்பக்கம் ஓடி, பகலில் சேர்த்த சூட்டை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் காலையில் சூடு இல்லையா? ராத்திரி எட்டு மணிக்கு யார் யார் குளித்தார்கள் என்று விசாரியுங்கள். காலையில் நீங்கள் குளிப்பது நேற்றைய வெயில். சாயங்காலமே அதைத் தீர்த்துவிட்டால் விடிவதற்குள் புதிதாக எதுவும் வராது. கீசருக்குப் பழகிய வீட்டுக்கு இது புரியவே சில வாரம் ஆகும்.

எந்த நேரத்திலும் சூடு பற்றவில்லை

இப்போதுதான் சோலார் பக்கம் வருகிறோம். முதலில் நிழல். டிசம்பரில் நண்பகல் சூரியன்கூடக் கோவையில் தெற்கே சாய்ந்து, தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பக்கம் 3 மீட்டர் உயரத்தில் ஒரு சுவரோ தண்ணீர் டேங்கோ இருந்தால் நடுமதியத்திலேயே அதன் நிழல் 2 மீட்டர் நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். சோலார் மாட்டிய மே மாதத்தில் இந்த நிழலே இருந்திருக்காது, அதனால் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் புதிதாக எழும்பிய மாடி, வளர்ந்துவிட்ட தென்னை, துணி காயப்போடும் கொடி எல்லாம் கணக்கில் சேரும். காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு மூன்று போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்தது கண்ணாடிக் குழாய்கள். இவை இரட்டைச் சுவர் கொண்டவை, நடுவில் காற்று இருக்காது, பிளாஸ்க் மாதிரி. ஒவ்வொரு குழாயின் கீழ் நுனியிலும் உள்ளே வெள்ளி பூசியதுபோல் கண்ணாடியாக மின்னும் ஒரு பட்டை தெரியும். அது பேரியம் படலம். வெற்றிடம் கெட்டுக் காற்று புகுந்துவிட்டால் அந்தப் பளபளப்பு போய், பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். தாங்கிச் சட்டத்தில் நுனி மறைந்திருந்தால் நல்ல வெயிலில் குழாயை வெளியே தொட்டுப் பாருங்கள். நல்ல குழாயின் வெளிக்கண்ணாடி அவ்வளவாகச் சுடாது, கெட்ட குழாய் கையைச் சுடும். உள்ளே நிற்க வேண்டிய சூடு வெளியே வழிகிறது என்று அர்த்தம். கெட்ட குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். காலியான குழாய் வெயிலில் நூறு டிகிரிக்கு மேல் எளிதில் ஏறிவிடும். அதற்குள் பச்சைத்தண்ணீர் பட்டால் படார் என்று வெடிக்கும். மதியம் ஒரு மணிக்கு வந்து "பத்து நிமிஷ வேலை" என்று சொல்லும் மெக்கானிக்கை, விடிகாலையில் வாருங்கள் என்று திருப்பி அனுப்புங்கள். முடியாது என்றால் எல்லாக் குழாய்களையும் சாக்கு போட்டு மூடி, ஆறவிட்டு, அப்புறம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். ரிப்பேருக்காக மேல் டேங்கைக் காலிசெய்துவிட்டு மதியம் மோட்டார் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

தூசி படிந்திருந்தால் கழுவுங்கள், அதுவும் வெயில் ஏறும் முன். சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் போதவில்லை என்றால் அளவைக் கணக்குப் போடுங்கள். 60 டிகிரி வெந்நீரை 27 டிகிரி பச்சைத்தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, 20 லிட்டர் வாளியில் 8 லிட்டர் வெந்நீர் போதும். வாளியில் மொண்டு குளிக்கும் குடும்பத்துக்கு 100 லிட்டர் தாராளம். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஒருவருக்கே 32 லிட்டர் வெந்நீர் போய்விடும். காலேஜ் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 100 லிட்டர் சோலாரைக் குறை சொல்லி என்ன பயன்?

மூன்று நாள் மழை மேகம் மூடினால் எந்த சோலாரும் தண்ணீரைச் சுட வைக்காது. கோவையில் ஆடி மாத மேகமும் சென்னையில் ஐப்பசி மழையும் இதில் விதிவிலக்கு இல்லை.

வெந்நீர் திணறித் திணறி வருகிறது, அல்லது வரவே இல்லை

மேல் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். சோலார் டேங்கில் வெந்நீர் வெளியேறும் வாய் மேல்பக்கம் இருக்கிறது. கீழே பச்சைத்தண்ணீர் நுழைந்து தள்ளினால்தான் மேலே இருக்கும் சூடான நீர் வெளியே வரும். மேல் டேங்க் காலியானால் சோலாரில் நூறு லிட்டர் கொதித்துக்கொண்டிருந்தாலும் கீழே சொட்டுக்கூட வராது.

தண்ணீர் இருந்தும் புஸ் புஸ் என்று காற்றோடு வந்தால் ஏர் லாக். வெந்நீர் பைப் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காக ஏறி இறங்கும் இடத்தில் காற்று தங்கிவிடும். தற்காலிக வைத்தியமாக, கீழே பச்சைத்தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் ஒரு ஹோஸால் இணைத்து, எதிர்த்திசையில் தண்ணீரை ஏற்றினால் காற்று மேலே வெளியேறும். இது பிரஷர் பம்ப் உள்ள வீட்டில்தான் நன்றாக வேலை செய்யும். நிரந்தர வைத்தியம், பைப்பை மேடு இல்லாமல் தொடர்ந்து சரிவாக இறங்கும்படி மாற்றுவது.

அழுத்தம் பிடிக்கவில்லை என்று சாதாரண சோலார் டேங்குக்கு முன்னால் பிரஷர் பம்ப் போடக் கூடாது. அது அழுத்தம் தாங்கும் டேங்க் இல்லை. பம்ப் போட்டே ஆக வேண்டும் என்றால் டேங்குக்குப் பிறகு, வெந்நீர் தாங்கும் பம்பாகப் பார்த்துப் போடுங்கள். குளிர்நீர் லைனுக்கும் ஏறக்குறைய அதே அழுத்தம் இருந்தால்தான் மிக்சர் ஒழுங்காக வேலை செய்யும்.

வென்ட் பைப்பில் தண்ணீர் ஊற்றுகிறது; டேங்க் நசுங்கிவிட்டது

சோலார் டேங்கின் தலையிலிருந்து வானத்தைப் பார்த்து நிற்கும் ஒல்லிப் பைப்தான் ஏர் வென்ட். அதன் நுனி மேல் டேங்கின் நீர்மட்டத்தை விட ஓர் அடியாவது உயரமாக இருக்க வேண்டும். குறைந்தால், டேங்க் நிரம்பும்போதெல்லாம் அதன் வழியே தண்ணீர் கொட்டும். கொட்டுகிறதே என்று நுனியில் மூடி போடுவது அடுத்த தவறு. மூடிவிட்டால் தண்ணீர் வேகமாக இறங்கும்போது உள்ளே காற்று நுழைய வழியின்றி, மெல்லிய ஸ்டீல் தொட்டி உள்வாங்கி நசுங்கிவிடும். வெந்நீர் லைனில் பம்ப் இருந்தால் ஒரே நாளில் நடக்கும். பைப்பை உயர்த்துங்கள், அடைக்காதீர்கள். குளவி கூடு கட்டாமல் இருக்க நுனியில் வலை கட்டலாம்.

கோடையில் அந்தப் பைப்பில் ஆவி வருவது சகஜம். மே மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியிருக்கும். 60 டிகிரி தண்ணீரே சில நொடியில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் பச்சைத்தண்ணீரை முதலில் திறக்கப் பழக்குங்கள். நீண்ட நாள் பூட்டிப் போவதாக இருந்தால் பாதிக் குழாய்களுக்கு மேல் சாக்கு போட்டுக் கட்டிவிட்டுப் போங்கள். டேங்கிலிருந்து வரும் முதல் சில மீட்டர் பைப் இரும்பாகவோ, நடுவில் அலுமினிய அடுக்கு வைத்த பிளாஸ்டிக் பைப்பாகவோ இருப்பது நல்லது. அதற்கு அப்புறம் வெந்நீருக்கான சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போதும். குளிர்நீருக்குப் போடும் வெள்ளை பிவிசி பைப் இந்தச் சூட்டில் தொய்ந்து, ஜாயின்ட்டில் விட்டுப்போகும்.

வருடம் போகப் போக சூடு குறைகிறது, குழாயில் வெள்ளைத் துகள் வருகிறது

சிறுவாணித் தண்ணீர் மட்டும் போகும் டேங்குக்கும் போர் தண்ணீர் போகும் டேங்குக்கும் ஆயுளில் அவ்வளவு வித்தியாசம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் சுண்ணாம்பாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். 60 டிகிரிக்கு மேல் இது வேகம் பிடிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்து, வேறு வழியில்லை என்றால் 600 வரை அனுமதிக்கிறது. கொங்குப் பகுதி போர்களில் பலவும் அந்த 200-ஐ எளிதில் தாண்டுபவை.

தட்டை கலெக்டரில் தண்ணீர் மெல்லிய செப்புக் குழாய்களுக்குள் ஓடுகிறது, சுண்ணாம்பு அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். உப்புத்தண்ணீர் வீட்டுக்குக் கண்ணாடிக் குழாய் வகைதான் என் சிபாரிசு. தட்டை கலெக்டரே வேண்டும் என்றால் கலெக்டருக்குள் ஓடும் நீர் வீட்டுத் தண்ணீரோடு கலக்காமல் சூட்டை மட்டும் கொடுக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்ததாக வாங்குங்கள். கண்ணாடிக் குழாய்களின் அடியிலும் வண்டல் சேரும். வருடம் ஒருமுறை டேங்கின் ட்ரெயினைத் திறந்துவிட வேண்டும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை குழாய்களைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

சுண்ணாம்பை எடுக்க சிட்ரிக் அமிலம் அல்லது சல்ஃபாமிக் அமிலக் கரைசல் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்ற விடாதீர்கள். அதில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசி குத்தியதுபோல் துளை போட்டுவிடும். சுண்ணாம்பு போய்விடும், கூடவே டேங்கும் போய்விடும்.

கரன்ட் பில் குறையவே இல்லை

100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 3.5 யூனிட் வேண்டும். தினமும் என்றால் இரண்டு மாதத்துக்கு 210 யூனிட். சோலாருக்கு மாறியும் இது பில்லில் குறையவில்லை என்றால் டேங்குக்குள் இருக்கும் பேக்கப் காயிலைத்தான் (வெயில் இல்லாத நாளுக்கான மின் ஹீட்டர்) முதலில் பார்க்க வேண்டும். 200 லிட்டர் டேங்கில் 2 கிலோவாட் காயில். யாரோ காலை நான்கு மணிக்கு சுவிட்சைப் போட்டு மறந்துவிட்டால் வெயில் வருவதற்குள் 7 யூனிட்டைத் தின்று டேங்க் முழுக்கச் சூடாக்கிவிடும். அப்புறம் சூரியனுக்கு அங்கே வேலையே இல்லை. அந்தச் சுவிட்ச் படுக்கையறை பக்கம் வேறு சுவிட்சுகளோடு கலந்திருந்தால் இது நடந்தே தீரும். சிவப்பு விளக்கு உள்ள தனி சுவிட்சும் டைமரும் போடுங்கள். மேகமூட்டமான நாளில் சாயங்காலம் பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் ஒரு மணி நேரம் ஓடட்டும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். ஏசி ஓடும் வீட்டில் அந்த 210 யூனிட்தான் கோட்டைத் தாண்ட வைக்கும். இன்னொன்று. 2024-ல் வந்த பி.எம். சூரிய கர் மானியம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு மட்டும்தான். வெந்நீர் சோலாருக்கும் அது கிடைக்கும் என்று சொல்லி விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பின்வாங்கிவிடுவார்.

ஹீட் பம்ப்: மணிக்கணக்காக ஓடுகிறது, தண்ணீர் சொட்டுகிறது

அது அப்படித்தான் ஓடும். ஹீட் பம்ப் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குத் தருகிறது. நம் சமவெளி வெப்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு கிடைக்கும். 200 லிட்டரை 30 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 2 யூனிட்தான் ஆகும், ஆனால் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கீசர் மாதிரி கால் மணி நேரத்தில் எதிர்பார்த்து "பூஸ்ட்" பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கும் காயில் எரியத் தொடங்கும். அப்போது நீங்கள் விலை உயர்ந்த கீசரைத்தான் ஓட்டுகிறீர்கள். மதியம் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை டைமர் வைத்துவிடுங்கள். காற்று சூடாக இருக்கும் நேரம், வீட்டில் மின் பேனலும் இருந்தால் அதன் மின்சாரமும் அப்போதுதான் கொழிக்கும்.

அடியில் சொட்டும் தண்ணீர், ஏசியில் சொட்டுவதுபோல் காற்றின் ஈரம்தான். சென்னையில் நிறையவே வரும், வடிகால் பைப் மட்டும் போடுங்கள். முன்பு சீக்கிரம் சூடானது இப்போது இழுக்கிறது என்றால் பின்பக்கத்து அலுமினியத் தகடுகளில் தூசி அடைத்திருக்கும். நூற்பாலைப் பக்கத்து வீடுகளில் பஞ்சு அப்பியிருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். மூடிய சின்ன அறைக்குள் வைத்திருந்தால் அது வெளியே விடும் குளிர்காற்றையே திரும்ப உறிஞ்சும். கதவைத் திறந்துவைத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அந்தத் தகடுகளில் உறைபனி படியும். அவ்வப்போது மெஷின் தானே சூடாக்குவதை நிறுத்திவிட்டு அதைக் கரைத்துக்கொள்ளும். இது கோளாறு இல்லை. விடாமல் பனிக்கட்டியாகவே நின்றால்தான் மெக்கானிக் தேவை. வாங்கும்போதே எத்தனை டிகிரி குளிர் வரை ஓடும் என்று கேட்டு வாங்க வேண்டிய ஊர்கள் அவை.

அழுகிய முட்டை நாற்றம், சொட்டும் சேஃப்டி வால்வு, அடிக்கடி விழும் டிரிப்பர்

வெந்நீரில் மட்டும் நாற்றம் என்றால் டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைக்கும் மெக்னீசியம் கம்பியும் தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. டேங்கை 60 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சில மணி நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள். திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாகக் கம்பி மாற்றிப் போடலாம். கம்பியே வேண்டாம் என்று எடுத்துவிட்டால் டேங்க் துருப்பிடிக்கும்.

ஹீட் பம்ப், கீசர் டேங்குகளில் சூடாகும் நேரத்தில் சேஃப்டி வால்வு சொட்டுவது நல்ல அறிகுறி. 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏறும்போது தண்ணீர் ஒன்றரை சதவீதம் வரை விரியும். 200 லிட்டரில் அது கிட்டத்தட்ட 3 லிட்டர். ஈரம் பிடிக்கவில்லை என்று அதன் வாயை அடைத்த டேங்க் வெடிகுண்டுதான். சூடாகாத நேரத்திலும் நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்.

காயில் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் டிரிப்பர்) விழுகிறது, அல்லது குழாயைத் தொட்டால் சுரீரென்கிறது என்றால் காயிலின் மேலுறையில் ஓட்டை விழுந்து தண்ணீருக்குள் மின்சாரம் கசிகிறது. இங்கே சோதனை எதுவும் வேண்டாம். சுவிட்சோடு நிற்காமல் எம்சிபியையும் இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் "ஆர்சிசிபியைத்தான் மாத்தணும்" என்று தொடங்கினால், முதலில் காயிலின் இன்சுலேஷனை மெக்கர் என்ற மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள், எர்த் வயர் முழுதாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது வரைக்கும் அந்த டேங்கில் வெயில் தரும் வெந்நீரே போதும், காயில் இல்லாமலும் சோலார் ஓடும்.